பட்டுநூல் கெரற்றின் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த வார மாணவர் பக்கத்தில் உயர்தர உயிரியல் மாதிரி வினாக்கள் விடைகளோடு வந்திருந்தன. ‘பின்வருவனவற்றுள் கெரற்றின் அல்லாதது எது?’ என்று ஒரு பல்தேர்வு வினா. கெரற்றின் என்பது முடி, நகம், இறகு போன்றவற்றை ஆக்கும் உறுதியான புரத வகை. முடி, கோழியிறகு, பட்டுநூல், மாட்டின் தசைநாண் என நான்கு தெரிவுகள். தசைநாண்தான் விடை என்றும், பட்டு ‘பீற்றா கெரற்றின்’ வகை என்றும் விளக்கம் போட்டிருந்தீர்கள். தசைநாண் சரி, அது கொலாஜன் என்ற வேறு புரதம். ஆனால் பட்டும் கெரற்றின் இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த வினாவுக்கு இரண்டு விடைகள்.

இதற்குப் போய் ஒரு கடிதமா என்று நினைக்க வேண்டாம். டவுனில் படிக்கிற பிள்ளைக்கு இப்படி ஒரு பிழை வந்தால் டியூஷன் வகுப்பில் யாராவது திருத்திவிடுவார்கள். எங்கள் ஹட்டன் பக்கத்தில் விஞ்ஞானப் பிரிவு உள்ள தமிழ்ப் பாடசாலைகளே குறைவு. மேற்பிரிவுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் உங்கள் பக்கத்தைப் போட்டோக்கொப்பி எடுத்து, கொப்பியில் ஒட்டி வைத்துப் படிக்கிறார்கள். அதில் அச்சாகியிருப்பதுதான் அவர்களுக்கு வேதவாக்கு.

வினாவைத் தயாரித்தவர் இதைச் சும்மா எழுதவில்லை என்பதும் தெரிகிறது. பழைய நூல்கள் சிலவற்றில் பட்டைக் கெரற்றினோடு சேர்த்திருப்பார்கள். 1930களில் இங்கிலாந்தின் லீட்ஸில் வில்லியம் அஸ்ட்பரி கம்பளி நூலின் மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் படமெடுத்தார். நூல் இயல்பாக இருக்கும்போது ஒரு கோலமும், நனைத்து நன்றாக இழுத்துப் பிடிக்கும்போது வேறொரு கோலமும் கிடைத்தன. முதலாவதை அல்பா என்றும் இரண்டாவதை பீற்றா என்றும் அழைத்தார். அந்த இரண்டாவது கோலத்துக்கும் பட்டின் கோலத்துக்கும் ஒற்றுமை இருந்தது. புரதச் சங்கிலியின் வடிவத்தை மட்டும் வைத்துப் பிரித்த காலத்தில் பட்டும் இறகும் ஒரே கூடைக்குள் விழுந்ததில் வியப்பில்லை. ஆனால் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்களில் எது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணத் தொடங்கியதும் கதை மாறிவிடுகிறது.

மனித முடியைக் கூறுபோட்டு அமினோ அமிலங்களை எண்ணினால், நூற்றுக்கு ஏறத்தாழ 14 முதல் 18 வரை சிஸ்டெயின். குளூட்டாமிக் அமிலமும் செரீனும் கணிசமாக இருக்கும். மெதயோனினும் திரிப்டோபனும் மிகக் குறைவு. பட்டின் புரதமான பைப்ரோயினில் கிளைசீன் சுமார் 45, அலனின் 30, செரீன் 12. இந்த மூன்றும் சேர்ந்தாலே நூற்றுக்கு 85ஐத் தாண்டிவிடுகின்றன. சிஸ்டெயின் இல்லை என்றே சொல்லலாம். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன். கூடவே புரோலினும், கெரற்றினில் காணக் கிடைக்காத ஐதரொட்சிபுரோலினும்.

சிஸ்டெயினை இவ்வளவு அழுத்திச் சொல்வது அதிலுள்ள கந்தகத்துக்காக. பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளிலுள்ள இரண்டு சிஸ்டெயின்களின் கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இருசல்பைட்டுப் பாலம் அமைக்கின்றன. முடி தண்ணீரில் கரையாமல் இருப்பதற்கும், பெப்சின், திரிப்சின் போன்ற சமிபாட்டு நொதியங்களால் அதை லேசில் அசைக்க முடியாததற்கும் இந்தப் பாலங்கள் முக்கிய காரணம். பட்டு உறுதியாக இருப்பதன் இரகசியம் வேறு. கிளைசீனின் பக்கச் சங்கிலி ஒரு ஐதரசன் அணு மட்டும்தான். அதனால் பட்டின் புரதத் தகடுகள் இடைவெளியில்லாமல் நெருங்கி அடுக்கிக்கொள்கின்றன. அங்கே கந்தகத்துக்கு வேலையே இல்லை.

இதைச் சாதாரணப் பாடசாலை ஆய்வுகூடத்திலேயே காட்டலாம், நான் காட்டுவதும் உண்டு. ஒரு பரிசோதனைக் குழாயில் முடி, இன்னொன்றில் கோழியிறகு, அடுத்ததில் பழைய சேலையிலிருந்து உருவிய பட்டிழை, கடைசியில் கொலாஜனுக்காக, அதிலிருந்தே எடுக்கப்படும் ஜெலற்றின் கொஞ்சம். சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசல் விட்டுச் சூடாக்கி, பிறகு சில துளி ஈய அசற்றேற்று சேர்க்க வேண்டும். முடியும் இறகும் உள்ள குழாய்கள் கபில நிறமாகி அப்படியே கறுத்துப் போகும். வெளிவந்த கந்தகம் ஈயசல்பைட்டாகிறது. பட்டும் ஜெலற்றினும் அப்படிக் கறுப்பதில்லை. பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது, “பட்டை எரித்தாலும் முடி கருகுகிற வாடைதானே வருகிறது, டீச்சர்?” என்று. நல்ல கேள்வி. புடவைக் கடையில் பட்டு அசலா என்று பார்க்க இழையைக் கொளுத்துவார்களே, அந்த வாடை அது புரதம் என்பதைச் சொல்லும். எந்தப் புரதம் என்பதைச் சொல்லாது. இந்தச் சோதனையை ஆசிரியர்தான் செய்ய வேண்டும். சூடான காரம் தெறிக்கும், ஈய உப்பு நஞ்சு, கழிவைத் தொட்டியில் ஊற்றவும் கூடாது.

உங்கள் விளக்கத்தில் இன்னொரு குறை, கெரற்றின் என்றால் ஏதோ ஒரே ஒரு புரதம் என்ற தொனி. மனிதனில் மட்டும் கெரற்றின் மரபணுக்கள் 54. இவற்றில் 28 அமிலத் தன்மையுள்ள முதலாம் வகைக்கும், 26 காரத் தன்மையோ நடுநிலையோ உள்ள இரண்டாம் வகைக்கும் உரியவை. முதலாம் வகையில் ஒன்றும் இரண்டாம் வகையில் ஒன்றும் சேர்ந்து கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டால்தான் இழை உருவாகும். தனியாக ஒரு வகையால் முடியாது. முடியில் இந்த இழைகளைச் சுற்றி வேறு சிறிய புரதங்களும் நிரம்பியிருக்கின்றன. அவற்றில் சில வகைகளில் சிஸ்டெயின் இழைகளில் உள்ளதைவிட மிக அதிகம். முடியின் மொத்தக் கணக்கு அவ்வளவு உயர்ந்து நிற்பது பெரும்பாலும் அவற்றால்தான்.

மென்கெரற்றின், வன்கெரற்றின் என்ற பிரிவும் இந்தக் கந்தகக் கணக்கைச் சார்ந்ததே. கவ்வாத்து வெட்டுகிற ஒருவரின் கையைப் பாருங்கள். உள்ளங்கையில் கத்திப்பிடி அழுத்துகிற இடத்தில் காய்ப்பு இருக்கும். அதுவும் கெரற்றின், விரல் நுனியிலுள்ள நகமும் கெரற்றின். தோலின் கெரற்றினில் சிஸ்டெயின் நூற்றுக்கு இரண்டு மூன்று அளவில்தான் வரும். ஆகவே காய்ப்பு தண்ணீரில் ஊறினால் வெளுத்து உப்பும், செதில் செதிலாக உரியும். நகத்தில் அது பல மடங்கு அதிகம், அதனால் வெட்டினால்தான் போகும்.

இறகின் கதை தனி. பறவைகளிலும் ஊர்வனவற்றிலும் காணப்படும் பீற்றா கெரற்றின், நமது அல்பா கெரற்றினை இழுத்து நீட்டியதால் வந்தது அல்ல. அது வேறு மரபணுக் குடும்பம். கோழியிறகின் புரதம் ஏறத்தாழ நூறு அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட குட்டைச் சங்கிலி. அதில் சிஸ்டெயின் நூற்றுக்குச் சுமார் ஏழு. பட்டை இதன் பக்கத்தில் வைக்கிறவர்கள் தகடு வடிவம் ஒன்றை மட்டுமே பார்க்கிறார்கள்.

அதே பக்கத்தின் அடியில் ஓர் அழகு நிலையத்தின் ‘கெரற்றின் ட்ரீட்மென்ட்’ விளம்பரம் இருந்தது. இழந்த கெரற்றினை முடிக்குள் திரும்ப நிரப்புவார்களாம். தலைக்கு வெளியே தெரியும் முடி உயிரற்றது, வெளியிலிருந்து பூசி அதில் புதிய சங்கிலி வளர்க்க முடியாது. பூசுகிற கெரற்றின் துண்டுகள் பெரும்பாலும் மேலே படிந்து கொஞ்ச நாள் பளபளப்புத் தரும், அவ்வளவுதான். நீண்ட நாள் நேராக நிற்கச் செய்யும் வகைகள் பலவற்றில் உண்மையான வேலையைச் செய்வது போமல்டிகைட்டு. சூட்டுக் கருவியின் வெப்பத்தில் அது புரதச் சங்கிலிகளைப் புதிய நிலையில் ஒன்றோடொன்று கோத்துவிடுகிறது. ஆய்வுகூட அலமாரியில் தவளையைப் போட்டு வைத்திருக்கும் போமலினும் அதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தியது. எல்லாப் போத்தல்களிலும் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முடியை நேராக்கப் போகிற பிள்ளைகள் லேபலில் போமலின், மெதிலீன் கிளைக்கோல் என்ற பெயர்கள் இருக்கின்றனவா என்று பார்க்கட்டும். இரண்டும் ஒரே சரக்கு. ஜன்னல் திறக்க முடியாத அறையில் நாள் முழுக்க அந்தப் புகையை முகர்ந்துகொண்டு அங்கே வேலை செய்கிற பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம்.

விளம்பரம் உங்கள் வருமானம், அதில் நான் தலையிட முடியாது. வினாவை மட்டும் திருத்துங்கள். பட்டுநூலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் முள்ளம்பன்றியின் முள்ளைப் போட்டால் போதும். அது அசல் அல்பா கெரற்றின், எங்கள் பிள்ளைகள் தேயிலை மலையில் பொறுக்கியும் இருப்பார்கள். தவணைப் பரீட்சை நெருங்குவதால் திருத்தத்தை அடுத்த வாரமே, அதே மாணவர் பக்கத்தில், பழைய வினா இலக்கத்தையும் குறிப்பிட்டுப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். கொப்பியில் ஒட்டியதற்கு மேலேயே ஒட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உயர்தர உயிரியல் ஆசிரியை,
ஹட்டன்.