மைல்டு பைப் புகையிலை "சப்புன்னு இருக்கு", "நாக்கு எரியுது"ன்னு சொன்னவங்களுக்கு

நம்ம கடை வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் ஒரே பெட்டில வந்த ரெண்டு பவுச்ச ரெண்டு பேர் வாங்கிட்டுப் போனாங்க, ஒருத்தர் பத்து நாள் கழிச்சு வந்து "என்னங்க இது, வைக்கோலக் கொளுத்துன மாதிரி சப்புன்னு இருக்கு"ன்னார், இன்னொருத்தர் போன்ல "நாக்கு பொசுங்கிப் போச்சுங்க, இதப்போய் மைல்டுன்னு குடுத்தீங்களே"ன்னு ரொம்ப வருத்தப்பட்டார். சரக்கு ஒண்ணுதான். மிச்சத்த எடுத்துட்டு வாங்கன்னு ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பாத்தா, முதல் பவுச் ஏசி ரூம்ல வாய் தொறந்தே கெடந்து விரல் பட்டாலே தூளாவுது, ரெண்டாவதுல காயாம இருக்கும்னு யாரோ சொன்னாங்கன்னு ஆப்பிள் துண்டு போட்டு வெச்சிருக்காரு, இலையெல்லாம் தண்ணி தெளிச்ச வெத்தல மாதிரி சொதசொதன்னு இருந்துச்சு, ஓரத்துல வெள்ளையா பூஞ்சை வேற. அந்த பவுச்ச அப்பவே தூக்கிப் போடச் சொல்லிட்டோம். கலவை நல்லதா கெட்டதான்னு ரெண்டு பேருமே சொல்ல முடியாத நெலமைலதான் அதப் பத்தவெச்சிருக்காங்க, அதான் இந்த மடல்.

முதல்ல மைல்டுங்கிற வார்த்தை. எங்க கடைல அதச் சொன்னா நிக்கோடின் காட்டம் கம்மி, தலை அவ்வளவா கிறுகிறுக்காதுன்னு மட்டும்தான் அர்த்தம். சுவை கம்மின்னும் இல்ல, உடம்புக்குக் கெடுதல் கம்மின்னு சத்தியமா இல்ல. உலக சுகாதார நிறுவனத்தோட புகையிலைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தம் 2005ல அமலுக்கு வந்தது, அதோட 11வது பிரிவுலயே லைட், மைல்டு மாதிரி வார்த்தைங்க ஆளத் தப்பா நெனைக்க வெக்கும்னு எழுதியிருக்கு, அது நூத்துக்கு நூறு சரி. நெஞ்சுக்குள்ள இழுக்காம வாயோட விட்டாலும் வாய்ப் புற்றுநோய் ஆபத்து இருக்கத்தான் செய்யுது. பழக்கம் இல்லாதவங்க இந்த மடலப் படிச்சுட்டு ஆரம்பிக்க வேணாம், 18 வயசுக்குக் கீழ யார் வந்து கேட்டாலும் நாங்க குடுக்கறதில்ல.

இப்ப இலைக்கு வர்றேன். மைல்டு கலவைல பெரும்பாலும் ரெண்டு இலை இருக்கும். ஒண்ணு வர்ஜீனியா, நம்ம பக்கத்துல ஆந்திராவுலயும் மைசூர் பக்கமும் வெளையுற அதே ஜாதி, அறுவடை பண்ண உடனே அடைச்ச கொட்டகைல சூடேத்தி ஒரு வாரத்துக்குள்ள ஒணத்திடுவாங்க, அதனால இலையோட சர்க்கரை அப்படியே தங்கிடுது, மஞ்சளா இருக்கும், லேசா புளிப்பு கலந்த இனிப்பு வரும். இன்னொண்ணு பர்லி, இதக் காத்தாட வாரக்கணக்குல தொங்கவிட்டு ஒணத்துறாங்க, அந்த நாள்ல சர்க்கரை மொத்தமும் கரைஞ்சு போயிடும், பழுப்பா இருக்கும், வறுத்த கடலை மாதிரி ஒரு வாசம். பர்லிப் புகைல காரத்தன்மை ஜாஸ்தி, அதனால நிக்கோடின் வாய்த் தோல் வழியாவே ரத்தத்துல ஏறிடும், இழுக்கவே இல்லையே எப்படி தலை சுத்துதுன்னு கேட்டவங்களுக்கு இதுதான் பதில். கேவண்டிஷ்னு எழுதியிருந்தா அது தனி இலை இல்ல, இலைய நீராவில வேகவெச்சு அழுத்திப் பதப்படுத்துற முறை, அதுலதான் வெனிலா, செர்ரி வாசனையெல்லாம் ஏத்துவாங்க.

பவுச்சத் தொறந்ததும் குப்புன்னு வெனிலா அடிக்குதுன்னு சந்தோஷப்பட வேணாம், அது மேல தெளிச்ச வாசனை, பத்தவெச்ச கொஞ்ச நேரத்துலயே பாதி போயிடும். அதுக்கு அடில இலையோட சொந்த வாசம் இருக்கான்னு தேடிப் பாருங்க. காஞ்ச புல்லு, ரொட்டி, அத்திப்பழம், இந்த மாதிரி ஏதோ ஒண்ணு மூக்குல தட்டணும், ஒண்ணுமே தட்டலன்னா இலை சுமார்தான், வாசனைய வெச்சு மூடியிருக்காங்க. அமோனியா நெடி தூக்கலா அடிச்சாலும் சரக்கு சரியில்ல.

அடுத்தது பதம். எங்கப்பா கல்லால உக்காந்திருந்தப்ப வாசனை பாக்கறதுக்கு முன்னாடி ஒரு சிட்டிகைய எடுத்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல அமுக்கி விடுவாரு. உருண்டையா ஒட்டிக்கிட்டே இருந்தா ஈரம், நொறுங்குனா காஞ்சுபோச்சு, விட்டதும் மெதுவா இழை இழையா பிரிஞ்சு வந்தா பதம். இன்னிக்கு வரைக்கும் எங்களுக்கு அதுதான் டெஸ்ட். ஈரமா இருந்தா அச்சடிக்காத வெள்ளைத்தாள்ல பரப்பி ஃபேன் இல்லாம இருபது நிமிஷம் வெச்சு மறுபடி அமுக்கிப் பாருங்க, ஐப்பசி கார்த்திகை மழைல சென்னைக் காத்தே ஈரம்ங்கறதால ஒரு மணி நேரம்கூட ஆகும். ஈர இலை எரியும்போது நீராவி கெளம்பும், அணைஞ்சு அணைஞ்சு போகும், அணையுதேன்னு நாம வேகமா இழுப்போம், சூடு ஏறும், நாக்கு வெந்துடும். நாக்கு எரியுதுன்னு வர்ற புகார்ல முக்காவாசி இதுதான்.

டெஸ்ட் பண்ற பைப்பும் முக்கியம். முந்தி லட்டாக்கியா, அதாவது விறகுப்புகைல வாட்டுன இலை, போட்ட பைப்புல மைல்டு கலவையப் போட்டீங்கன்னா அந்த விறகுப்புகை வாடைதான் வரும், புது கலவை பாவம் வாயே தொறக்காது. கைல வேற பைப் இல்லன்னா மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டைல செஞ்ச ஒரு பைப் வாங்கி அத இதுக்குன்னே வெச்சுக்கலாம், அமெரிக்காவுல மிசௌரில 1869லேர்ந்து செய்யுறாங்க, வெலையும் கம்மி. நெரப்பும்போது அடில குழந்தை கை மாதிரி லேசா, நடுவுல கொஞ்சம் அழுத்தி, மேல இன்னும் கொஞ்சம்னு மூணு தடவையா போடுங்க. தீக்குச்சியோட மருந்து எரிஞ்சு முடியட்டும், அப்புறம் கிட்ட கொண்டு போங்க, இல்லன்னா கந்தக வாடையத்தான் ருசி பாப்பீங்க. காரசாரமா சாப்பிட்ட வாயோட பாக்காதீங்க, தண்ணியில கொப்புளிச்சுட்டு உக்காருங்க.

சூடான காபிய உறிஞ்சற மாதிரி மெதுவா இழுக்கணும். முதல் கால் பங்குல வாசனைதான் பேசும், நடுப்பகுதிலதான் இலை பேசும், அந்த எடத்துல இனிப்பும் கடலை வாசமும் மாறி மாறி வந்தா கலவை போட்டவருக்கு வேலை தெரிஞ்சிருக்குன்னு நம்பலாம். கடைசிப் பங்கு கசந்து, அடில கருப்புத் தண்ணி தேங்குனா ஈரமோ அவசரமோதான் காரணம், கலவை மேல பழி போட அவசரப்பட வேணாம். சாம்பல் வெளுப்பா பொடியா விழுந்தா நல்லா எரிஞ்சிருக்கு. ஒரே தடவைல தீர்ப்பு சொல்லாதீங்க, வேற வேற நாள்ல மூணு தடவை பாத்துட்டு ஒரு துண்டுச்சீட்டுல ரெண்டு வரி எழுதி வெச்சிருங்க, அந்த சீட்டோட கடைக்கு வந்தீங்கன்னா உங்களுக்கு பர்லி ஜாஸ்தியா வேணுமா வர்ஜீனியா ஜாஸ்தியா வேணுமான்னு எங்களால சரியா சொல்ல முடியும்.

வைக்கோல்னு சொன்ன ஐயாவுக்கு வேற பவுச் குடுத்தோம், இந்தத் தடவை மூடி இறுக்கமா இருக்குற கண்ணாடி பாட்டில்ல போட்டுக் குடுத்தோம். நேத்து வந்திருந்தாரு, நடுப்பகுதில ரொட்டி சுடற வாசம் வருதுங்கன்னாரு. இதே மாதிரி சந்தேகம் இருக்கறவங்க தொறந்த பவுச்சத் தூக்கிப் போடாம கொண்டு வாங்க, கல்லால வெச்சு சேந்து அமுக்கிப் பாத்துடலாம், ஞாயிறு மட்டும் கடை லீவு.