ஆச்சியின் சுருக்குப்பை

அன்புள்ள மருமகனே,

நீ செய்து அனுப்பிய கைப்பட்டை வந்து சேர்ந்தது. ஆச்சி எங்கே போனாலும் என் போனில் தெரிகிறது, சரிதான். ஆனால் பத்து நிமிஷம்கூட அது அவள் கையில் நிற்கவில்லை. "யாரோட சாமானோ, கொண்டுபோய்க் கொடுத்துரு" என்று கழற்றி என்னிடமே நீட்டுகிறாள். ஆயுளில் வாட்ச் கட்டாதவள், பாவம், அவளுக்கு அப்படித்தானே தோன்றும்?

நீ பாடுபட்டுச் செய்திருக்கிறாய், அதனால்தான் விவரமாக எழுதுகிறேன். ஆச்சிக்கு வந்திருக்கிற அல்சைமர் மறதி நோயில் புதிதாகப் படித்துக்கொள்வது முதலில் போய்விடுகிறது. கை பழகிய வேலை வெகுகாலம் நிற்கிறது. இன்றைக்கு என்ன கிழமை என்று ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் பிச்சிப்பூவையும் நாரையும் மடியில் போட்டால் போதும். இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, விரலில் ஒரு சுற்று, முடிச்சு இறுகிவிடும். நான் கட்டினால் உதிர்கிற பூ அவள் கட்டினால் உதிராது. நீ எதைச் செய்தாலும் அந்த விரலுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கட்டும்.

அவள் இடுப்பில் செருகியிருக்கும் சுருக்குப்பை தூக்கத்தில்கூட அவளை விட்டுப் போவதில்லை. உன் கருவி அதற்குள் இருக்கட்டும். ஒருமுறை சார்ஜ் போட்டால் நாலைந்து நாளாவது தாங்க வேண்டும். தினமும் பையை வாங்கினால் "என் காசை எடுத்துட்டா" என்று ராத்திரி முழுக்க அழுவாள். அப்புறம், அவளுக்குத் தெரியாமல் வைக்க வேண்டாம். மறந்துபோவாள்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுத்தான் வைக்க வேண்டும்.

லண்டனில் லூயிஸ் ஹார்ன்பி என்ற பையன், உன்னைப் போல டிசைன் படித்தவன்தான். அவன் பாட்டிக்கும் மறதி நோய். தண்ணீர் குடிக்காமல் உடம்பு வற்றி ஆஸ்பத்திரி வரை போய்விட்டார். அவர் இருந்த காப்பகத்திலேயே போய் ஒரு வாரம் தங்கிப் பார்த்தான். குடிக்க மறக்கிறவர்கள் மிட்டாய்ப் பெட்டியைக் கண்டால் கை நீட்டுவதைக் கவனித்தான். 2018-இல் அவன் செய்து காட்டியது ஏறக்குறைய முழுக்க நீராலான மிட்டாய். மோட்டாரும் இல்லை, சென்சாரும் இல்லை.

பாஸ்டனில் 2004-இல் நோய் முற்றிய ஒன்பது பேருக்கு வெள்ளைத் தட்டையும் கப்பையும் மாற்றிச் சிவப்புத் தட்டும் சிவப்புக் கப்பும் கொடுத்தார்கள். சாப்பாடு 25 சதவீதம் கூடியது, குடிப்பது 84 சதவீதம். சின்ன ஆய்வுதான். ஆனால் அதைப் படித்த அன்றே நம் வீட்டு எவர்சில்வர் தட்டைப் பார்த்தேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அதில் தயிர்சாதம் எங்கே இருக்கிறது என்று எனக்கே சட்டென்று தெரியவில்லை. மறுநாள் வாழையிலை போட்டேன். பச்சையில் வெள்ளைச் சோறு. ஆச்சி தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள், தானே பிசைந்து சாப்பிட்டாள். ஊட்டிவிட நீட்டிய என் கையைத் தள்ளிவிட்டாள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

டொராண்டோவில் கை கழுவுவதற்கு ஒரு கருவி செய்தார்கள். கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும், தடுமாறும்போது மட்டும் அடுத்து என்ன என்று சொல்லும். தானே செய்கிறவரை வாயைத் திறக்காது. அந்தப் பொறுமையை உன் கருவிக்கும் கொடு.

சனிக்கிழமை கிளம்பி வா, நாலு நாள் தங்கு. அவள் சாயங்காலம் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு "வீட்டுக்குப் போகணும்" என்பதை நீ பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். வந்ததும் "என்னைத் தெரியுதா ஆச்சி" என்று கேட்காதே. உன் பேரை நீயே சொல்லி உட்கார். மூணு மணிக்குப் பூ வரும், நாரைக் கிழித்துக் கொடு.

இப்படிக்கு,
உன் அத்தை