களத்துக்கும் ஆலைக்கும் நடுவே

மன்னார்குடி,
தை மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. பணி ஓய்வுக்குப் பின் கோயம்புத்தூரை விட்டு ஊருக்கே திரும்பி, பாரம்பரிய நெல்லை மட்டும் அரைக்கும் சிறிய ஆலை ஒன்றை வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். வைக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் நீ அனுப்பிய கணக்கில் பணத்தின் பெரும்பகுதி இயந்திரத்துக்குப் போகிறது. உலர்களத்துக்கும் கிடங்குக்கும், நெல் வாங்கும் கைமுதலுக்கும் மிஞ்சுவது மிகக் குறைவு. நம் ஊரில் பணம் கைநழுவும் இடம் களத்துக்கும் ஆலைக்கும் நடுவில்தான் இருக்கிறது.

அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் நெல்லில் ஈரம் இருக்கும். அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு; மழையில் அவ்வப்போது தளர்வு கிடைத்தாலும் அதை நம்பி யாரும் பயிர் வைப்பதில்லை. அங்கே சன்னம், பொது என இரண்டே விலை. கருப்புக்கவுனிக்கோ மாப்பிள்ளைச் சம்பாவுக்கோ தனி விலை கிடையாது. அதனால் பாரம்பரிய நெல் வைத்தவர், நடவுச் செலவுக்கு முன்பணம் தந்த வியாபாரியிடமே ஈர நெல்லை அவர் சொல்லும் விலைக்குப் போடுகிறார். உலர்த்துவது, அவிப்பது, அரைப்பது, பையில் போட்டு விற்பது என்று மதிப்புக் கூடும் வேலைகள் அனைத்தும் வேறு ஊர்களில் நடக்கின்றன.

விதையைப் பொறுத்தவரை இந்த வட்டாரம் ஒரு வழியை ஏற்கனவே கண்டிருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்கு அருகில் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விவசாயிக்கு 2 கிலோ விதை கொடுத்து, மறு ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறுவார்கள். அவர் 2018 டிசம்பரில் மறைந்தார். கஜா புயல் இந்தப் பகுதியைச் சாய்த்துப் போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவர் பரப்பிய விதை ஊர் ஊராகப் பெருகிவிட்டது. அதில் விளைந்த அரிசியின் வருமானம் மட்டும் இன்னும் ஊருக்குள் சுழலவில்லை.

அரவையைப் பற்றி ஒன்று. 100 கிலோ நெல்லில் ஏறக்குறைய 20 கிலோ உமி. அந்த உமியே நெல் அவிக்கும் கொதிகலனுக்கு எரிபொருளாகும். விறகு வாங்க வேண்டியதில்லை. தீட்டாத அரிசியில் தவிடு ஒட்டியிருப்பதால், அதிலுள்ள எண்ணெய் நாளடைவில் சிக்கு வாடை ஏறிவிடும். வண்டும் எளிதில் பிடிக்கும். ஆகவே அரிசியாக அடுக்கிவைக்காமல், நன்றாகக் காய்ந்த நெல்லாக வைத்திருந்து, கேட்பவர்களுக்குத் தக்கபடி அரைத்துத் தருவதே சரி. அதற்குத்தான் கிடங்கு முதலில் வேண்டும் என்கிறேன். வைக்கோலுக்கு ஏற்கனவே சந்தை இருக்கிறது. இயந்திரத்தில் கட்டாகச் சுருட்டி லாரிகளில் கேரளம் வரை போகிறது. அதில் ஒரு பகுதியை நிறுத்தி, பெண்கள் குழு ஒன்று சிப்பிக்காளான் வளர்க்க முடியும்.

அவிப்பதற்கு முன் நெல் ஊறவைத்த தண்ணீர் புளித்து நாறும். அதை வாய்க்காலில் விட்டால், இயற்கை அரிசி என்று பையில் எத்தனை அழகாக அச்சிட்டாலும், கீழ்மடையில் இருப்பவர் நம்மை மன்னிக்க மாட்டார். சுத்திகரிப்புத் தொட்டிக்கு உன் கணக்கில் இடமே இல்லை. அதை முதல் வரியிலேயே சேர்த்துவிடு. நம் காவிரிப் படுகைக்கான 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள், புதிய எண்ணெய்க் கிணறுகள் ஆகியவற்றுக்குத் தடை விதித்ததை நாம் எவ்வளவு மகிழ்ச்சியோடு வரவேற்றோம்! அந்தத் தடைக்குப் பின் இங்கே எழும் தொழில்கள் தண்ணீரைக் கெடுக்காதவையாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சிறிதும் விட்டுக்கொடுக்க மனமில்லை.

தஞ்சாவூரில் புதுக்கோட்டைச் சாலையிலுள்ள நிஃப்டெம் என்ற உணவுத் தொழில்நுட்ப நிறுவனம், 1967-இல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சிக்கூடமாகத் தொடங்கியது. இயந்திரம் வாங்குமுன் அங்கே போய்ப் பேசு.

கைமுதலை நீ தனியாகப் போட வேண்டாம். இன்று சிட்டி யூனியன் வங்கி என்று நாம் அறியும் நிறுவனம் 1904-இல் கும்பகோணம் வங்கி என்ற பெயரில்தான் தொடங்கியது; இந்த மண்ணில் பணம் திரட்டித் தொழில் நடத்துவது புதிதல்ல. கம்பெனிச் சட்டத்தில் 2002-இல் வந்து இன்றும் தொடரும் ஏற்பாட்டின்படி, பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தாலே ஓர் உற்பத்தியாளர் நிறுவனம் பதிவு செய்யலாம். உன் பங்கு நிலம் இங்கே இருக்கிறது. நீயும் விவசாயியாகவே உறுப்பினர் ஆகலாம். அறுவடையன்றே விலையில் பாதியைக் கையில் கொடுத்து, மீதியை அரிசி விற்றபின் தருவோம் என்றால், வியாபாரியின் முன்பணத்திலிருந்து மெல்ல வெளியே வர முடியும் என்று எங்கள் தெருவிலேயே சிலர் சொல்கிறார்கள்.

அப்படிப்பட்ட நிறுவனத்தில் எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் தனி உறுப்பினருக்கு ஒரு வாக்குதான். நீ போடும் தொகை மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால் இதை வீட்டில் கலந்து பேசி, உனக்குச் சம்மதமா என்று எழுது. சம்மதமென்றால் பங்குனியில் நீ வரும்போது எங்கள் தெருக்காரர்களை அழைத்துப் பேசிவிடலாம். குறுவை விதைப்புக்கு முன் எந்தெந்த ரகம் எத்தனை மா நிலத்தில் என்று முடிவு செய்ய அது போதிய அவகாசம்.

உன் அன்பு நண்பன்.