1943 அக்டோபருக்குப் பிறகும் கேளுங்கள்

சயாம் மரண ரயில் நினைவுகளைச் சேகரித்துவரும் மலேசிய அன்பர்களுக்கு,

வணக்கம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நினைவுக் கூட்டத்தில் என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல எழுந்தேன். பேராக் ரப்பர் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில் பாதை போட ஜப்பானிய ராணுவத்தார் 1943-இல் பிடித்துக்கொண்டு போனார்கள், 1945 கடைசியில்தான் திரும்பினார் என்றேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "43-லேயே ரயில் பாதை முடிஞ்சிருச்சேம்மா, மீதி ரெண்டு வருஷம் அங்க என்ன செஞ்சாரு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பதில் இப்போது தெரியும். ஒடிந்ததை ஒட்டவைத்துக்கொண்டிருந்தார்.

1943 அக்டோபர் 17 அன்று சயாமிலிருந்த கொன்கொய்த்தாவில் சயாம் பக்கப் பாதையும் பர்மா பக்கப் பாதையும் இணைந்தன. 25-ஆம் தேதி திறப்பு விழா. நம் கூட்டங்களில் கதை பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த 415 கிலோமீட்டரும் அவசரத்தில் போட்டது. பாலங்களில் முக்கால்வாசி காட்டிலிருந்து அப்போதுதான் வெட்டிய பச்சை மரம். மழையில் உளுத்துப்போகும், ஆற்று வெள்ளம் கால்களைப் பிடுங்கும், மண்கரை சரியும். எஞ்சினுக்கும் விறகுதான் எரிபொருள். அதை வெட்டிப் பாதையோரம் அடுக்க ஒரு கூட்டம் தினமும் வேண்டும். பாதை போட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகளில் உடம்பில் தெம்பிருந்த பலரைச் சிங்கப்பூருக்கும் ஜப்பானுக்கும் அனுப்பிவிட்டார்கள். எஞ்சிய கைதிகளோடு காட்டில் கிடந்தவர்கள் தோட்டத்துச் சனங்கள். மலேரியாவில் நடுங்கிக்கொண்டே சிலிப்பர் கட்டை தூக்கியவர்கள்.

பழுதுபார்க்கப் புதுச் சாமான் எங்கிருந்து வரும்? பாதை போட்டபோதே இரும்புக்குப் பஞ்சம். மலாயாவில் கெமாஸிலிருந்து கிளந்தான் போகும் கிழக்குக்கரைப் பாதையின் பெரும் பகுதியைப் பெயர்த்துத்தான் அங்கே கொண்டுபோனார்கள். தம்பின்–மலாக்கா கிளைப் பாதையையும் அப்படித்தான் பிடுங்கினார்கள். அது திரும்பப் போடப்படவே இல்லை. மலாக்கா நகரத்துக்கு ரயிலில் போக நினைப்பவர் இன்றும் பூலாவ் செபாங் நிலையத்தில் இறங்கி வண்டி பிடிக்கிறார். நம் சனங்கள் மட்டுமல்ல, நம் ஊர்த் தண்டவாளமும் சயாமுக்குப் போனது. மாணவர்களிடம் இதைச் சொன்னால் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு குண்டுவீச்சு வந்தது. 1944 இறுதியிலிருந்து நேச நாட்டு விமானங்கள் பாலங்களைக் குறிவைத்தன. தாய்லாந்தின் காஞ்சனாபுரியில் அந்தப் பாதையின் தா மாக்காம் பாலத்தை நான் நடந்து கடந்திருக்கிறேன். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்புச் சட்டங்கள் வில்போல் வளைந்து வரிசையாக நிற்கும். நடுவில் மட்டும் இரண்டு சட்டங்கள் வளைவில்லாமல் நேராக, பெட்டிபோல் நிற்கின்றன. குண்டு விழுந்த இடம் அது, போருக்குப் பின் மாற்றியது. சுற்றுலாப் பயணிகள் அங்கேதான் நின்று படம் எடுக்கிறார்கள்.

அந்த இரும்பு 1945-இல் உடைந்தபோது மாற்றுச் சட்டம் கிடையாது. ஆற்றில் சற்றுத் தள்ளி ஒரு மரப்பாலமும் இருந்தது. அதுவும் அடிபட்டது, ஆனால் அதைத் திரும்பக் கட்ட முடிந்தது. மரம் காட்டில் இருந்தது, தூக்கத் தோள் இருந்தது. அடுத்த விமானம் வரும்வரை வண்டி போகும். மறுபடி உடையும், மறுபடி கட்டுவார்கள். ராணுவக் கணக்கில் இதற்குப் பெயர் பராமரிப்பு. கட்டியவனுக்கோ, தலைக்குமேல் குண்டு விழும் என்று தெரிந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் நிற்பது.

கைதிகள் ஒளித்து எழுதிய நாட்குறிப்புகள் இருக்கின்றன, வரைந்த படங்கள் இருக்கின்றன, காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டத்துச் சனங்கள் விட்டுப்போனது வீட்டில் சொன்ன நாலு வார்த்தைதான். அந்த நாலு வார்த்தையையும் "தேதி ஒத்துவரலியே" என்று நாம் தள்ளிவிட்டால் வேறு எங்கே போய்த் தேடுவது?

அதனால் உங்களிடம் கேட்கிறேன். உங்கள் கேள்வித்தாளில் "பாதை போடப் போனாரா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். பாதை முடிந்த பிறகு எங்கே வைத்திருந்தார்கள், விறகு வெட்டினாரா, பாலம் கட்டினாரா, குண்டு விழுந்தபோது எங்கே இருந்தார், எந்த மாதம் வீடு வந்தார் என்றும் கேளுங்கள். நேரில் பார்த்தவர்கள் அநேகமாகப் போய்விட்டார்கள். கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கே எண்பதை நெருங்குகிறது. 1944, 45-இல் இறந்தவர்களையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே "தேதி தவறு" என்று ஒதுக்கிய பதிவுகள் இருந்தால், தயவுசெய்து இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்.

அவற்றில் ஒன்று என் தாத்தாவுடையது. வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் காய்த்துக் கறுத்திருந்தது. சின்ன வயதில் அதில் விரல் வைத்து, வலிக்குமா என்று கேட்டேன். "கட்டை தூக்கின எடம்மா அது" என்றார். எத்தனை கட்டை என்று நான் கேட்கவில்லை.

அன்புடன்,
பேராக்கிலிருந்து ஒரு பேத்தி