அந்த ஒரு வரியைப் பார்த்து எழுதுங்கள்: அதிபர்மாருக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டப் பாடசாலை அதிபர்மாருக்கு வணக்கம்.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறேன். வேலை கேட்டு வருகிற பிள்ளைகள் நீங்கள் கொடுத்த நற்சான்றிதழை உறையோடு கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். 19 வருடமாக வாசிக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: நடத்தை மிக நன்று. கடைக்காசோடு போனவனுக்கும் அந்த வரி, இன்றைக்கு என் லாச்சித் திறப்பை வைத்திருக்கிற பொடியனுக்கும் அதே வரி.

அந்தப் பொடியனுக்கு ஓ.எல். (சாதாரண தர) பரீட்சையில் கணிதம் இரண்டு தரமும் சரிவரவில்லை. வேலைக்கு வந்து மூன்றாம் மாதம், மார்கழி மழைக்குள்ளே, குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கிற மிதவையில்) மண்டூருக்கு ஆறு பை சீமெந்து அனுப்பினேன். திரும்பி வந்தவன் ஈரச் சட்டையோடு வாசலிலேயே நின்றான். "முதலாளி, ரெண்டு பை நனைஞ்சிட்டு. படங்கை நான்தான் ஒழுங்காக் கட்டல்ல, சம்பளத்தில வெட்டுங்க." மழையில் பழியைப் போட்டிருந்தால் நான் நம்பியிருப்பேன், அது அவனுக்கும் தெரியும். அன்றிலிருந்து கணக்குப் பழக்கினேன். இப்போது கடையின் சாமான் இருப்பு முழுவதும் அவன் கையில்தான், கணிதத்தில் சித்தியடையாத பிள்ளை!

காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகளுக்கு வருடா வருடம் மாலை போடுகிறோம். லண்டன் பி.எஸ்ஸி. பட்டம் எடுத்தவர் என்பதற்காகவா போடுகிறோம்? மானிப்பாயில் அதிபர் பதவியை விட்டுவிட்டுத் துறவியாகி, பிறகு இங்கே வந்து கல்லடி உப்போடையில் ஏழைப் பிள்ளைகளும் படிக்கப் பள்ளிக்கூடம் நடத்தினாரே, அதற்காகத்தானே. ஆனால் நம் பரிசளிப்பு விழாக்களில் ஓ.எல். ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைக்குத்தான் மேடை. அந்தப் பிள்ளையின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, நேர்மையான பிள்ளையையும் ஒரு தரம் மேடைக்குக் கூப்பிடுங்கள் என்கிறேன்.

நான் கேட்பது பெரிய விசயமில்லை. சான்றிதழ் எழுத முதல் வகுப்பாசிரியரைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையிடம் நீங்கள் கண்ட நல்லது என்ன என்று கேட்டு, அதை இரண்டு வரியில் எழுதுங்கள். கண்டெடுத்த காசைக் கொண்டுவந்து கொடுத்ததா, சுகமில்லாத கூட்டாளிக்கு நோட்ஸ் எழுதிக் கொடுத்ததா, அதை அப்படியே எழுதுங்கள். பதினைந்து வயதுக் குழப்படிகளை எழுத வேண்டாம், அது வளர வளரப் போய்விடும், எழுத்தில் இருந்தால் போகாது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் கஷ்டம்தான், விளங்குகிறது. ஆனால் தன்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று எழுத்தில் பார்க்கிற பிள்ளை அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் பார்க்கும்.

அந்தப் பொடியனின் தங்கை இந்த முறை ஓ.எல். எழுதுகிறாள். பின்னேரத்தில் பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளைத் திண்ணையில் இருத்தி, காசு வாங்காமல் வாசிக்கப் பழக்குகிறாள். அவளுடைய சான்றிதழ் உங்களில் ஒருவரின் மேசைக்குத்தான் வரும். கையெழுத்து வைக்க முதல் அவளுடைய வகுப்பு மிஸ்ஸிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் சேர்.

இப்படிக்கு,
களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு கடைக்காரன்