ஏழு பேர் பெயர் போட்ட அறிக்கை: இணையவழிப் படிப்பு நடத்தும் பேராசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பேராசிரியர்களுக்கு,

வணக்கம். வேலைக்குப் போய்க்கொண்டே இணையவழியில் எம்.பி.ஏ. படிக்கிறேன். போன பருவத்தில் எங்களுக்கு ஒரு குரூப் ப்ராஜெக்ட் வந்தது. குழுவில் ஏழு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. வாட்ஸ்அப் குரூப் தொடங்கி, வேர்டு கோப்பை அதில் சுற்றுக்கு விட்டோம். கடைசி வாரத்தில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் ஓகே’ என்று மூன்று பிரதிகள் உலவின.

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் இருந்தார். இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்து, பஸ்ஸில் வரும்போதே போனில் தட்டி எழுதுவார். நூல் விலை ஏறினால் ஒரு பனியனின் அடக்கவிலை எப்படி மாறும் என்று அவர் போட்ட அட்டவணைதான் அந்த அறிக்கையிலேயே உருப்படியான பகுதி. அவர் திருத்தி அனுப்பியது ஒரு பிரதி, நாங்கள் பிடிஎஃப் ஆக்கி ஏற்றியது வேறொரு பிரதி. அட்டவணை விடுபட்டுப்போனது. மூன்று பேர் ஒரு வரிகூட எழுதவில்லை. ஏழு பேருக்கும் ஒரே மதிப்பெண். “பரவாயில்லை, விடுப்பா” என்றார் அக்கா. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

இணையத்தில் ஒரே கோப்பை எல்லோரும் சேர்ந்து திருத்தும் கூகுள் டாக்ஸில் இதையே செய்திருந்தால் பிரதி ஒன்றுதான் இருந்திருக்கும். அதன் பதிப்பு வரலாற்றைத் திறந்தால் எந்த வரியை யார், எப்போது எழுதினார், எதை அழித்தார் என்று ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். அழிந்ததை மீட்டுக்கொள்ளவும் முடியும். மூடுல் (Moodle) என்ற இணைய வகுப்புத் தளத்தில் பாடம் நடத்துகிறவர்களுக்கு அதிலேயே விக்கி, அதாவது பலர் சேர்ந்து எழுதும் பக்கம், இருக்கிறது. அதிலும் ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும். நாங்களே இதைச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். முயன்றோம். ஆளுக்கொரு பழக்கம், யாரும் இறங்கிவரவில்லை. ‘இதில்தான் எழுத வேண்டும்’ என்று நீங்கள் சொன்னால்தான் நடக்கும்.

ஒரு சின்ன விஷயம். உங்களைப் பார்வையாளராக மட்டும் சேர்த்தால் டாக்ஸில் வரலாறு தெரியாது. திருத்தும் அனுமதியோடு சேர்க்கச் சொல்லுங்கள். மாணவர்கள் தங்கள் கணக்கில் நுழைந்துதான் எழுத வேண்டும், இல்லாவிட்டால் பெயர் பதிவாகாது.

அப்புறம், கடைசி நாளில் திறந்து பார்ப்பதால் பயன் இல்லை. இரண்டாவது வாரமே உள்ளே வந்து, ஓரத்தில் ஒரு கேள்வி எழுதிவிட்டுப் போங்கள். ‘சார் பார்த்திருக்கிறார்’ என்று தெரிந்தாலே பாதிப் பேர் எழுத உட்கார்ந்துவிடுவோம். அதே சமயம், யார் எத்தனை வார்த்தை எழுதினார் என்று எண்ணி மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். நோட்டில் எழுதிவைத்து மொத்தமாக ஏற்றுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டே வரி மாற்றி மொத்தக் கணக்கையும் சரிசெய்பவரும் உண்டு. சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள்.

ஏழு பேர் வேண்டாம், நான்கு பேர் போதும். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, முடிவுகளை 1913இல் வெளியிட்டார். ஆள் கூடக் கூட, தலைக்கு இழுக்கும் வலு குறைந்தது. எட்டுப் பேர் சேர்ந்தபோது ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சோம்பல் மட்டுமே காரணமில்லை, எல்லோரும் ஒரே நொடியில் இழுக்காததும் காரணம். தேர் வடம் பிடித்தவர்களுக்கு இது புரியும். எங்களுக்கு அந்த ஒரே நொடி வாய்ப்பதே இல்லை. ஒருவருக்குப் பகல் ஷிஃப்ட், ஒருவருக்கு இரவு ஷிஃப்ட். எல்லோரும் கூடும் இரவிலும் இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்.

கருவி எதுவானாலும் சரி, போனில் திறக்க வேண்டும். பாடத்துக்கு ஒரு புதுக் கருவி என்று மாற்றிக்கொண்டே இருக்கவும் வேண்டாம்.

அந்த அக்காவுக்கு இன்னும் இரண்டு பருவம் மீதி இருக்கிறது. அடுத்த ப்ராஜெக்ட் அறிவிப்பில் எந்தக் கருவி, குழுவுக்கு எத்தனை பேர், எந்தத் தேதியில் நீங்கள் வந்து பார்ப்பீர்கள் என்ற மூன்றையும் எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மாணவன்