வின்செஸ்டர் பேராலயத்தைத் தாங்கிய கைகளுக்கு

மதிப்புக்குரிய வில்லியம் வாக்கர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தின் வின்செஸ்டர் பேராலயத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்துதான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைமைக் கொத்தர் வில்லியம் வின்ஃபோர்டு, பருத்த நார்மன் தூண்கள் பலவற்றை இடிக்காமல் நின்ற நிலையிலேயே செதுக்கி, கூரைவரை கோடுகள் ஓடும் ஒடிசலான தூண்களாக்கிய திறமை வியக்க வைப்பது. ஆனால் கீழ்த்திசைக் கோடிக்குப் போனதும், சுவர் சாய்ந்து நிற்பது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. அங்கேதான், இந்தச் சுவர்களைக் காக்க நீருக்குள் இறங்கிய மூழ்காளரான உங்கள் நினைவு வந்தது.

1079இல் ஆயர் வாக்கெலின் இந்த ஆலயத்தைக் கட்டத் தொடங்கியபோதே, இட்சன் ஆற்றுப் படுகையின் ஈர மண் தன் குணத்தைக் காட்டக் காத்திருந்தது. 1107இல் நடுக்கோபுரம் சரிந்து விழுந்தது. மீண்டும் கட்டியவர்கள் அதைத் தாங்கும் தூண்களை மிகத் தடிமனாக எழுப்பினார்கள். ஆனாலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயர் காட்ஃப்ரே டி லூசி ஆலயத்தைக் கிழக்கே நீட்டியபோது, மக்கிய தாவரச் சேற்றின்மேல் பீச் மரக் கட்டைகளைத் தெப்பம்போல் அடுக்கி, அதன்மேல் சுவரை ஏற்றிவிட்டார்கள். எழுநூறு ஆண்டுகளாகச் சுவர் அமிழ்ந்துகொண்டே வந்து, 1905இல் பெரும் விரிசல்களாக வெளிப்பட்டது.

கட்டடக் கலைஞர் தாமஸ் ஜாக்சனும் பொறியாளர் பிரான்சிஸ் ஃபாக்ஸும் சுவரடியில் அடித்தளக் குழிகள் தோண்டச் சொன்னார்கள். தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. அதை இறைத்தால் மண்ணும் சேர்ந்து அரித்து வந்து, சுவரே விழுந்துவிடும். ஆகவே தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு அதற்குள் இறங்கி வேலை செய்ய ஒரு மூழ்காளர் தேவைப்பட்டார். 1906 முதல் 1911 வரை, ஏறத்தாழ 90 கிலோ எடையுள்ள உடையும் தலைக்கவசமும் பூண்டு, நாளுக்குச் சுமார் ஆறு மணி நேரம் நீங்கள் இறங்கினீர்கள். கலங்கல் நீரில் விளக்கும் பயன்படாததால் எல்லாவற்றையும் தடவித் தடவியே செய்தீர்கள். சேற்றை வழித்து, சரளைப் படிவு தட்டுப்படும்வரை போய், கான்கிரீட் மூட்டைகளை அடுக்கிக் கிழித்துவிடுவீர்கள். அது இறுகி நீரூற்றை அடைத்தபின் மேலிருந்து தண்ணீரை இறைக்க, கொத்தனார்கள் உலர்ந்த குழியில் சுவரைத் தாங்கும் கட்டுமானத்தை எழுப்புவார்கள். இப்படி 235 குழிகள். 25,000க்கும் மேற்பட்ட மூட்டைகள். அந்த எண்ணைப் படித்ததும் என் உள்ளங்கையையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

1912 ஜூலை 15 அன்று நடந்த நன்றி வழிபாட்டில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் கலந்துகொண்டார்; உங்களுக்கு அரச விருதும் கிடைத்தது. 1918இல் பரவிய நச்சுக் காய்ச்சல் 49 வயதிலேயே உங்களைக் கொண்டுபோனது. 1964இல் உங்களுக்கென்று வைத்த சிலைக்குப் பொறியாளர் ஃபாக்ஸின் முகம் அமைந்துவிட்டதை நான் மிகுந்த வருத்தத்தோடு அறிந்தேன். 2001இல்தான் உங்கள் முகத்தோடு புதிய சிலை வந்தது.

நான் போனது மழைக்காலம். நிலவறையில் தண்ணீர் ஏறியிருந்ததால் வாசலோடு நின்றுதான் பார்க்க முடிந்தது. கமான்களின் நிழல் அசையாமல் கிடந்த அந்தத் தண்ணீரைப் பார்த்து, மனத்துக்குள் உங்களுக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உங்கள் சுவரருகே நின்ற ஒருவன்